மாணவர் நடத்தையைப் பதிவு செய்து உதவுவது எப்படி: புதிய ஆசிரியர்களுக்கு ஒரு வழிகாட்டி

ஆசிரியர் அறையில் ஒரு மாணவனைப் பற்றிப் பேச்சு எழும்போது "அவன் எப்போதும் இப்படித்தான்", "ஒரு நாள்கூட அமைதியாக உட்கார்ந்ததில்லை" போன்ற வாக்கியங்களே முதலில் வரும். அந்த ‘எப்போதும்’ வாரத்துக்கு இரண்டு முறையா, ஒரு பாடவேளைக்குப் பத்து முறையா, எல்லாப் பாடங்களிலுமா, மதியத்துக்குப் பிந்தைய ஒரே ஒரு பாடத்திலா என்று கேட்டால் பெரும்பாலும் பதில் இருக்காது. இக்கேள்விகளுக்கு விடை கிடைக்கும் வகையில் முறையாக எழுதி வைக்கப்படும் குறிப்புகளைத்தான் நடத்தைத் தரவு என்கிறோம். முதன்முறையாக இப்பணியில் இறங்கும் வகுப்பாசிரியர்களையும் பள்ளி ஆலோசகர்களையும் மனத்தில் வைத்து இக்கட்டுரை எழுதப்படுகிறது. தனியான மென்பொருள் எதுவும் கட்டாயமில்லை. ஒரு தாளும் பென்சிலும், மாத இறுதியில் தொகுத்துப் பார்க்க ஒரு விரிதாளும் இருந்தால் போதும்.

தொடங்கும் முன் ஒரு தெளிவு வேண்டும். ஒரு மாணவன் செய்த தவறுகளை மட்டும் வரிசையாக அடுக்கிக்கொண்டே போகும் பதிவேடு, அவன் மீதான குற்றப்பத்திரிகையாக வளருமே தவிர, நாளை வகுப்பில் எதை மாற்ற வேண்டும் என்று ஆசிரியருக்குச் சொல்லாது. அந்த நடத்தைக்கு முன்னும் பின்னும் என்ன நடந்தது, பெரியவர்கள் என்ன செய்தார்கள் என்பதையும் சேர்த்து எழுதும் பதிவேடுதான் பயன்படும். கீழே வரும் படிகள் அனைத்தும் இந்த வேறுபாட்டை ஒட்டியே அமைந்துள்ளன.

முதல் படி: கேள்வியை முடிவு செய்தல்

படிவம் தயாரிப்பதில் இறங்குவதற்கு முன், இந்தத் தரவைக் கொண்டு எந்த முடிவை எடுக்கப் போகிறோம் என்பதை ஒரே வாக்கியத்தில் எழுதிக்கொள்ளுங்கள். "இந்த மாணவிக்கு எழுத்து வேலையைச் சிறு பகுதிகளாகப் பிரித்துக் கொடுக்கலாமா?", "இடைவேளையில் கண்காணிப்பாளர்களை எங்கே நிறுத்துவது?" என்பன போன்ற கேள்விகள் நல்லவை, விடை எதுவாக இருந்தாலும் அதையொட்டி ஏதேனும் ஒரு செயல் மாறும். எந்த முடிவையும் மாற்றப்போகாத தகவலைச் சேகரிக்க வேண்டாம். ஆசிரியரின் நேரம் வீணாவது ஒருபுறம் இருக்க, ஒரு குழந்தையைப் பற்றிய தேவையற்ற எழுத்து எங்கோ தங்கிவிடுவதும் நல்லதல்ல.

இரண்டாம் படி: நடத்தையைக் கண்ணால் காணக்கூடிய சொற்களில் வரையறுத்தல்

புதியவர்கள் அதிகம் இடறுவது இங்கேதான். ‘மரியாதைக் குறைவு’, ‘சோம்பல்’, ‘அடங்காத்தனம்’ ஆகியவை நடத்தையின் பெயர்கள் அல்ல. நடத்தையைப் பார்த்தவர் வழங்கிய தீர்ப்புகள். ஒரே செயலை ஓர் ஆசிரியர் மரியாதைக் குறைவாகவும் மற்றொருவர் வெகுளித்தனமாகவும் கொள்ளக்கூடும் என்பதால், அப்படிப்பட்ட சொற்களின் கீழ் எண்ணப்படும் எண்கள் மாணவனைவிட எண்ணியவரைப் பற்றியே அதிகம் சொல்லும்.

வரையறை என்பது எது சேரும், எது சேராது என்ற இரண்டையும் சொல்ல வேண்டும். எடுத்துக்காட்டாக, "இருக்கையை விட்டு எழுதல்: ஆசிரியரின் அனுமதியின்றி, இருக்கையிலிருந்து முழுவதுமாக எழுந்து நிற்பது அல்லது நடப்பது. விடை சொல்ல எழுந்து நிற்பதும், கீழே விழுந்த பொருளைக் குனிந்து எடுப்பதும் கணக்கில் சேராது" என்று எழுதலாம். அந்த மாணவனை முன்பின் அறியாத ஒருவர் இந்த வரையறையை மட்டும் கையில் வைத்துக்கொண்டு வகுப்பின் பின்வரிசையில் அமர்ந்தால், நீங்கள் எண்ணும் அதே நிகழ்வுகளை அவரும் எண்ண வேண்டும். வரையறை சரியாக இருக்கிறதா என்பதற்கு அதுவே சோதனை.

இந்தச் சோதனையை உண்மையாகவே செய்து பார்க்கவும் முடியும். இருவர் ஒரே பாடவேளையில், ஒருவர் தாளை மற்றவர் பார்க்காமல் எண்ணட்டும். சிறிய எண்ணைப் பெரிய எண்ணால் வகுத்து நூறால் பெருக்கினால் உடன்பாட்டு விழுக்காடு கிடைக்கும். ஒருவர் 8, மற்றவர் 10 என்று எண்ணியிருந்தால் உடன்பாடு 80 விழுக்காடு. நடத்தை ஆய்வில் பொதுவாக ஏற்கப்படும் குறைந்த அளவு இதுவே. அதற்குக் கீழே இறங்கினால் எண்ணியவர்களைக் குறை சொல்லாமல் வரையறையைத் திருத்துங்கள்.

பள்ளி முழுவதற்குமான பதிவு என்றால் இன்னொரு பிரிவினையும் தேவைப்படும். எந்த நடத்தைகளை வகுப்பாசிரியரே கையாள்வது, எவற்றைத் தலைமையாசிரியர் அறைக்கு அனுப்புவது என்று எல்லா ஆசிரியர்களும் கூடிப் பேசி ஒரு பக்கத்தில் எழுதி வைக்க வேண்டும். இல்லாவிட்டால் ஒருவர் பென்சில் கொண்டு வராததற்குச் சீட்டு எழுதுவார், இன்னொருவர் கைகலப்பைக்கூட எழுதாமல் விடுவார். இரண்டையும் கூட்டி வரும் எண்ணுக்கு எந்தப் பொருளும் இராது.

மூன்றாம் படி: எதை அளப்பது என்று தேர்ந்தெடுத்தல்

எல்லா நடத்தைகளையும் எண்ணிக்கையால் அளக்க முடியாது. தொடக்கமும் முடிவும் தெளிவாகத் தெரியும் குறுகிய செயல்களுக்கு, அதாவது கையை உயர்த்தாமல் பேசுவது, பொருளை எறிவது போன்றவற்றுக்கு, எண்ணிக்கை பொருந்தும். அதிலும் எவ்வளவு நேரம் கவனித்தோம் என்பதைக் கட்டாயம் எழுத வேண்டும். 40 நிமிடத்தில் 6 முறை என்பது மணிக்கு 9 முறை. 5 மணி நேரத்தில் 6 முறை என்றால் மணிக்கு ஒன்றைச் சற்றே தாண்டும். நேரத்தை எழுதாமல் விட்டால் இரண்டும் ஒன்றுபோலவே தோன்றும்.

ஒரு குழந்தை காலையில் பெற்றோரைப் பிரிந்து வந்து அழுகிறது என்றால் எண்ணிக்கை உதவாது. நாளுக்கு ஒரு முறை அழுவது அடுத்த மாதமும் நாளுக்கு ஒரு முறையாகவே இருக்கலாம். ஆனால் 35 நிமிடம் நீடித்தது 5 நிமிடமாகக் குறைந்திருந்தால் அது பெரிய முன்னேற்றம். அங்கே கால அளவைத்தான் பதிய வேண்டும். சொன்னவுடன் வேலையைத் தொடங்காத மாணவனுக்கு, அறிவுறுத்தலுக்கும் அவன் பென்சிலைக் கையில் எடுப்பதற்கும் இடைப்பட்ட நேரத்தைக் குறிப்பது பொருத்தமாக இருக்கும்.

கவனம் சிதறுதல், வேலையில் ஈடுபட்டிருத்தல் போன்று விட்டு விட்டுத் தொடரும் நடத்தைகளுக்கு இடைவெளிப் பதிவு உண்டு; அதாவது கவனிக்கும் நேரத்தைச் சம அளவிலான சிறு இடைவெளிகளாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் குறியிடுவது. இதில் மூன்று வகைகள் உள்ளன. ஓர் இடைவெளி முழுவதும் அந்த நடத்தை நீடித்தால் மட்டும் குறிப்பது ஒன்று. இது உண்மையான அளவைவிடக் குறைத்துக் காட்டும். இடைவெளிக்குள் ஒரு கணம் நிகழ்ந்தாலும் குறிப்பது மற்றொன்று. இது கூட்டிக் காட்டும். இடைவெளி முடியும் அந்தக் கணத்தில் நிமிர்ந்து பார்த்து, அப்போது நிகழ்ந்துகொண்டிருந்தால் மட்டும் குறிப்பது மூன்றாவது. பாடம் நடத்திக்கொண்டே பதிவும் செய்ய வேண்டிய ஆசிரியருக்கு மூன்றாவது ஒன்றுதான் நடைமுறையில் கைகொடுக்கும். சட்டைப் பையில் உள்ள கைப்பேசி 2 நிமிடத்துக்கு ஒருமுறை அதிரும்படி வைத்துக்கொண்டால், 30 நிமிடத்தில் 15 முறை பார்க்கலாம். 9 முறை மாணவி வேலையில் ஈடுபட்டிருந்தால் 60 விழுக்காடு என்று எழுதலாம். அதே நேரத்தில் வகுப்பின் இயல்பான ஒரு மாணவியையும் மாறி மாறிப் பார்த்துக் குறிப்பது மிகப் பயனுள்ள வழக்கம். ஒப்பிடப்பட்ட மாணவிக்கும் 65 விழுக்காடுதான் வருகிறது என்றால், திருத்த வேண்டியது பாட அமைப்பாக இருக்க வாய்ப்புண்டு.

நான்காம் படி: முன்னும் பின்னும் நடந்ததை எழுதுதல்

ஒரு நிகழ்வுச் சீட்டில் நாள், நேரம், இடம், அப்போது நடந்துகொண்டிருந்த செயல், நடத்தை, அதற்குச் சற்று முன் நடந்தது, அதன் பிறகு நடந்தது ஆகியவை இருந்தால் போதும். முன், நடத்தை, பின் என மூன்று பத்திகளாக எழுதும் இந்த முறைக்கு நீண்ட வரலாறு உண்டு. சிட்னி பிஜூவும் அவருடைய உடன் ஆய்வாளர்களும் 1968-இல் வெளியிட்ட கட்டுரை இதற்கு அடித்தளம் இட்டதாகக் கருதப்படுகிறது. சீட்டை நிரப்ப ஒரு நிமிடத்துக்கு மேல் ஆகக் கூடாது. இடத்துக்கும் செயலுக்கும் குறி இடும் கட்டங்களும், முன்பின் நிகழ்வுகளுக்கு ஒவ்வொரு வரியும் ஒதுக்கினால் அது இயலும். ஒரு பக்கக் கதை எழுதச் சொல்லும் படிவங்களை ஆசிரியர்கள் இரண்டாவது வாரத்திலேயே கைவிட்டுவிடுவார்கள்.

ஒரு கற்பனை எடுத்துக்காட்டைப் பார்ப்போம். ஒரு மாணவனைப் பற்றி இரண்டு வாரத்தில் நான்கு சீட்டுகள் சேர்ந்துள்ளன. முதலாவதில் கணக்குப் பாடத்தில் புத்தகத்தைத் தள்ளிவிட்டான், வெளியே அனுப்பப்பட்டான். இரண்டாவதில் மொழிப் பாடத்தில் பக்கத்து மாணவனின் தாளைக் கிழித்தான். தலைமையாசிரியர் அறைக்கு அனுப்பப்பட்டான். மூன்றாவதும் நான்காவதும் வெவ்வேறு பாடங்களில், வெவ்வேறு செயல்கள். நடத்தைப் பத்தியை மட்டும் படித்தால் ‘பல வகையில் தொல்லை தருபவன்’ என்றே தோன்றும். ‘முன்’ பத்தியைப் படித்தால் நான்கிலும் "தனியாக எழுத வேண்டிய பயிற்சி கொடுக்கப்பட்டது" என்று இருக்கிறது. ‘பின்’ பத்தியைப் படித்தால் நான்கிலும் அவன் அறையை விட்டு வெளியேறியிருக்கிறான். எழுதுவதிலிருந்து தப்பிக்க அவனுக்கு ஒரு வழி தேவைப்படுகிறது; நாம் ஒவ்வொரு முறையும் அந்த வழியைத் திறந்துவிட்டுக்கொண்டிருக்கிறோம். தண்டனை என்று ஆசிரியர் நினைத்தது அவனுக்கு நிவாரணமாக இருந்திருக்கிறது.

ஒரு நடத்தை மாணவனுக்கு எதைப் பெற்றுத் தருகிறது என்பதை அதன் பயன்பாடு என்று கொள்ளலாம். பெரியவர்களின் அல்லது சக மாணவர்களின் கவனம் கிடைப்பது, கடினமான அல்லது விரும்பாத ஒன்றிலிருந்து விலகுவது, விரும்பிய பொருளோ செயலோ கிடைப்பது, உடலளவிலான புலன் இன்பமோ ஆறுதலோ கிடைப்பது என நான்காக இவற்றைப் பிரிப்பது வழக்கம். வெளிப்பார்வைக்கு ஒன்றுபோல இருக்கும் இரு நடத்தைகளுக்குப் பயன்பாடு வேறாக இருக்கலாம். சத்தமிட்டுக் கவனத்தைப் பெறும் மாணவிக்கும், சத்தமிட்டு வேலையைத் தவிர்க்கும் மாணவிக்கும் ஒரே தீர்வைக் கொடுத்தால் ஒருத்திக்கு அது மருந்தாகவும் மற்றவளுக்கு நோய்க்குத் தீனியாகவும் அமையும். அமெரிக்காவில் ஊனமுற்ற குழந்தைகளின் கல்விக்கான சட்டம் 1997-இல் திருத்தப்பட்டபோது, சில வகை ஒழுங்கு நடவடிக்கைகளின்போது பயன்பாட்டு அடிப்படையிலான இந்த ஆய்வைச் செய்ய வேண்டும் என்பது சட்டத்திலேயே இடம்பெற்றது. பள்ளிகளில் இம்முறை பரவியதற்கு அது ஒரு முக்கியக் காரணம்.

சீட்டை எழுதும்போது மாணவனின் உள்ளத்தை ஊகிக்காதீர்கள். "என்னைக் கோபப்படுத்தவே சிரித்தான்" என்பதை "கரும்பலகைப் பக்கம் திரும்பியபோது உரக்கச் சிரித்தான், மூன்று மாணவர்கள் உடன் சிரித்தனர்" என்று எழுதுங்கள். கோபம் ஆறிய பிறகு எழுதுவது நல்லது. ஆனால் மறுநாளுக்குத் தள்ளிப்போட்டால் ‘முன்’ பத்தி மறந்துபோகும்.

ஒரு வகை நிகழ்வை மட்டும் இந்த வழியில் கொண்டுசெல்லக் கூடாது. தன்னைத் தானே காயப்படுத்திக்கொள்வது, துன்புறுத்தலுக்கு ஆளாகியிருக்கலாம் என்ற ஐயம், பிறருக்கு உடனடி ஆபத்து ஆகியவற்றை வாரக்கணக்கில் பதிந்து போக்கைப் பார்ப்பது தவறு. அன்றே, அந்நேரமே, குழந்தைப் பாதுகாப்புக்குப் பொறுப்பானவரிடம் தெரிவிக்க வேண்டும்.

ஐந்தாம் படி: மாற்றத்துக்கு முந்தைய நிலையை அறிதல்

தலையீட்டைத் தொடங்கும் முன், வழக்கமான நிலையில் மூன்று முதல் ஐந்து முறையாவது அளந்து வைத்துக்கொள்ளுங்கள். ஒரே ஒரு மோசமான நாளை அடிப்படையாக வைத்துக்கொண்டால், எதுவும் செய்யாமலேயே அடுத்த நாள் நிலைமை சீரடைந்ததுபோல் தெரியும்; அதற்கான பாராட்டு அன்று தற்செயலாகச் செய்த ஏதோ ஒன்றுக்குப் போய்விடும். எண்களை எளிய கோட்டு வரைபடமாக வரையுங்கள். மாணவன் வராத நாளையும், நீங்கள் கவனிக்காத நாளையும் சுழியமாகப் போடாமல் வெற்றிடமாக விட வேண்டும்.

ஆறாம் படி: பள்ளி முழுவதையும் ஒரே பார்வையில் காணுதல்

சீட்டுகள் ஒரு மாதம் சேர்ந்ததும் அவற்றை ஐந்து கேள்விகளால் பிரித்துப் பார்க்கலாம்: எவ்வளவு அடிக்கடி, என்ன நடத்தை, எங்கே, எந்த நேரத்தில், யார்? வரிசை முக்கியம். ‘யார்’ என்பதை முதலில் எடுத்தால் கூட்டம் உடனே பெயர்களைப் பற்றிய பேச்சாக மாறிவிடும், மற்ற நான்கும் மறந்துபோகும். எனவே அதைக் கடைசியில் வைப்பதே சரி என்பது என் உறுதியான கருத்து.

எண்ணிக்கையை ஒப்பிடும்போது மாத மொத்தத்தைப் பார்க்காமல் ஒரு பள்ளி நாளுக்கான சராசரியைப் பாருங்கள். 22 நாள் பள்ளி நடந்த மாதத்தில் 44 சீட்டுகள் வந்தால் நாளுக்கு 2. விடுமுறையால் 12 நாள் மட்டுமே நடந்த மாதத்தில் 36 வந்தால் நாளுக்கு 3. மொத்தம் குறைந்திருக்கிறது என்று மகிழ்ந்த மாதத்தில்தான் நிலைமை உண்மையில் மோசமாகியிருக்கிறது.

இடமும் நேரமும் பெரும்பாலும் எளிய தீர்வுகளைக் காட்டித்தரும். நிகழ்வுகளில் பெரும்பகுதி உணவு இடைவேளையின் கடைசிப் பத்து நிமிடத்தில், படிக்கட்டுக்கு அருகே நடப்பதாகத் தெரிந்தால், இருபது மாணவர்களுக்குத் தனித்தனியே அறிவுரை சொல்வதைவிட இரு வகுப்புகளின் மணியை ஐந்து நிமிடம் தள்ளி அடிப்பதும், ஓர் ஆசிரியரை அங்கே நிற்கச் செய்வதும் விரைவில் பலன் தரும்.

பிறகு பெயர்களுக்கு வரலாம். அமெரிக்காவில் 1990-களின் இறுதியிலிருந்து பரவிய, பி.பி.ஐ.எஸ். என்ற சுருக்கப் பெயரால் அறியப்படும் நேர்மறை நடத்தை ஆதரவுக் கட்டமைப்பு, உதவியை மூன்று அடுக்குகளாகப் பிரிக்கிறது. ஆரிகன் பல்கலைக்கழக ஆய்வாளர்களுக்கு இதில் பெரும்பங்கு உண்டு. எல்லா மாணவர்களுக்குமான பொது ஏற்பாடுகள் ஏறத்தாழ 80 விழுக்காட்டினருக்குப் போதும், 15 விழுக்காட்டினருக்குக் கூடுதல் உதவி தேவைப்படும், 5 விழுக்காட்டினருக்குத் தனித்திட்டம் வேண்டியிருக்கும் என்பது அதன் பொதுவான எதிர்பார்ப்பு. கல்வியாண்டில் அலுவலகச் சீட்டு (தலைமையாசிரியர் அறைக்கு அனுப்பும் சீட்டு) 0 அல்லது 1 பெற்றோர், 2 முதல் 5 வரை பெற்றோர், 6 அல்லது அதற்கு மேல் பெற்றோர் என்று பிரித்துப் பார்ப்பதும் அக்கட்டமைப்பில் வழக்கம். இவை வழிகாட்டும் எண்கள் மட்டுமே. இரண்டாம் மாதத்திலேயே மூன்று சீட்டு பெற்றுவிட்ட மாணவிக்கு ஆறாவது சீட்டு வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. உங்கள் பள்ளியில் பாதி மாணவர்கள் நடு அடுக்கில் வந்து நின்றால், கூடுதல் உதவிக் குழுக்களைப் பெருக்குவதைவிட முதல் அடுக்கை, அதாவது எல்லோருக்குமான கற்பித்தலையும் ஒழுங்குகளையும், சரிசெய்வதே வழி.

சீட்டு முறையில் ஒரு பெரிய குருட்டுப் புள்ளி உண்டு: அது சத்தத்தை மட்டும் பதியும். யாருடனும் பேசாமல் ஒதுங்கியிருக்கும் குழந்தை, பதற்றத்தால் அடிக்கடி வயிற்றுவலி என்று சொல்லி ஓய்வறைக்குப் போகும் குழந்தை, மெல்ல மெல்லப் பள்ளிக்கு வருவதைக் குறைத்துக்கொள்ளும் குழந்தை ஆகியோர் ஆண்டு முழுவதும் ஒரு சீட்டுகூடப் பெறமாட்டார்கள். அதனால் வருகைப் பதிவு, தாமத வருகை, மருத்துவ அறைக்குச் சென்ற நாட்கள், ஒப்படைக்காத வீட்டுப்பாடம் ஆகியவற்றையும் அதே கூட்டத்தில் பார்க்க வேண்டும். ஆண்டுக்கு ஓரிரு முறை எல்லா மாணவர்களுக்குமாக ஒரு சிறு வினாப்பட்டியலைப் பயன்படுத்துவதும் உண்டு; ராபர்ட் குட்மன் 1997-இல் வெளியிட்ட, 25 கூற்றுகள் கொண்ட வலிமைகள் மற்றும் இடர்ப்பாடுகள் வினாப்பட்டியல் அவற்றில் பரவலாக அறியப்பட்டது. அது உணர்வுசார் சிக்கல்களையும் சக மாணவர் உறவுகளையும் பற்றிக் கேட்கிறது. அதன் மதிப்பெண் மேலும் கவனிக்க வேண்டியவரைக் காட்டும்; நோயைத் தீர்மானிக்காது.

ஏழாம் படி: எழுதியவர்களின் பார்வையைச் சோதித்தல்

ஒவ்வொரு சீட்டும் ஒருவர் கண்டு, எழுத முடிவு செய்த பிறகே உருவாகிறது. ஆகவே தரவில் பெரியவர்களின் சாய்வும் கலந்திருக்கும். அமெரிக்க அரசின் பொறுப்புக்கூறல் அலுவலகம் 2018-இல் வெளியிட்ட அறிக்கையின்படி, 2013-14 கல்வியாண்டில் பொதுப்பள்ளி மாணவர்களில் 15.5 விழுக்காடாக இருந்த கறுப்பின மாணவர்கள், இடைநீக்கம் செய்யப்பட்டோரில் ஏறத்தாழ 39 விழுக்காடாக இருந்தார்கள். வேறு நாடுகளில் பிரிவுகளின் பெயர் மாறலாம்; சோதிக்க வேண்டிய தேவை மாறாது.

கணக்கு எளிது. ஒரு பிரிவில் 100 மாணவர்களில் 20 பேரும், மற்றவர்களில் 300 பேரில் 30 பேரும் சீட்டு பெற்றிருந்தால் விகிதங்கள் முறையே 20 விழுக்காடும் 10 விழுக்காடும் ஆகின்றன. முதல் பிரிவினருக்கான வாய்ப்பு இரண்டு மடங்கு. அப்படி வந்தால் எந்த வகை நடத்தையில் இடைவெளி அதிகம் என்று பாருங்கள். கைகலப்பு போன்று ஐயத்துக்கு இடமில்லாதவற்றில் இடைவெளி குறைவாகவும், ‘எதிர்த்துப் பேசுதல்’ போன்று பார்ப்பவரின் மனத்தைச் சார்ந்தவற்றில் அதிகமாகவும் இருந்தால், இரண்டாம் படியின் வரையறைக்குத் திரும்ப வேண்டியதுதான்.

யார் எத்தனை சீட்டு எழுதினார்கள் என்ற பட்டியலும் விரிதாளில் எளிதாகக் கிடைத்துவிடும். அதை ஆசிரியரை மதிப்பிடப் பயன்படுத்தக் கூடாது என்று தலைமையாசிரியர்களை வலியுறுத்திக் கேட்டுக்கொள்கிறேன். அதிகம் எழுதியவர் உதவி தேவைப்படுபவராக இருக்கலாம். எல்லோரிலும் நேர்மையாக எழுதியவராகவும் இருக்கலாம். ஒரே ஒருமுறை அந்த எண்ணை வைத்து ஒருவரைக் கேள்வி கேட்டுவிட்டால், மறுமாதமே பள்ளி முழுவதும் சீட்டுகள் குறைந்துவிடும், நடத்தை அப்படியே இருக்கும்.

எட்டாம் படி: தரவிலிருந்து திட்டத்துக்கு

மாணவனைப் பற்றிய முடிவை ஒரே வாக்கியமாக எழுதுங்கள்: "தனியாக எழுதும் பயிற்சி பத்து நிமிடத்தைத் தாண்டும்போது, அவன் பொருள்களைத் தள்ளிவிடுகிறான், அதனால் எழுத வேண்டிய தேவை நீங்குகிறது." இவ்வாக்கியத்தின் மூன்று பகுதிகளும் மூன்று வேலைகளைச் சொல்கின்றன. முன்னே உள்ளதை மாற்றலாம்: பயிற்சியை இரண்டாகப் பிரித்து, முதல் வரியை ஆசிரியரே உடன் இருந்து தொடங்கி வைக்கலாம். நடுவில் உள்ளதற்கு மாற்றைக் கற்பிக்கலாம்: மேசையில் உள்ள அட்டையைத் திருப்பி வைத்தால் இரண்டு நிமிட ஓய்வு கிடைக்கும் என்று ஏற்பாடு செய்து, அதை அமைதியான நேரத்தில் பழக்கலாம். பின்னே உள்ளதையும் மாற்ற வேண்டும்: பொருளைத் தள்ளிய பிறகும், அமைதியானதும் அதே பயிற்சியின் ஒரு சிறு பகுதியையாவது முடிக்கச் செய்ய வேண்டும். அவனுக்கு எழுதுவது ஏன் கடினமாக இருக்கிறது என்பதைத் தனியே சோதிக்க மறக்கக் கூடாது. கற்றல் குறைபாடோ பார்வைக் குறைபாடோ இருந்தால் அட்டையும் ஓய்வும் மட்டும் போதா.

இலக்கு முந்தைய நிலையை ஒட்டி அமைய வேண்டும். நாளுக்கு எட்டு முறை நிகழ்வதை ஒரே வாரத்தில் சுழியமாக்கச் சொல்வது மாணவனையும் ஆசிரியரையும் ஒருசேரத் தோற்கடிக்கும். முதலில் ஐந்து, பிறகு மூன்று என இறங்கட்டும்.

பெரியவர்களின் கவனத்தை நாடும் மாணவர்களுக்கு நன்கு பயன்படும் ஓர் ஏற்பாடு, காலையும் மாலையும் ஒரு குறிப்பிட்ட ஆசிரியரைச் சந்திக்கும் அன்றாட அட்டை முறை. காலையில் ஓரிரு நிமிடப் பேச்சுடன் அட்டையைப் பெறும் மாணவன், ஒவ்வொரு பாடவேளையின் முடிவிலும் 0, 1, 2 என்று மதிப்பெண் வாங்கி, மாலையில் அதே ஆசிரியரிடம் திரும்பிக் கூட்டிப் பார்ப்பான். மூன்று எதிர்பார்ப்புகள், ஆறு பாடவேளைகள் என்றால் முழு மதிப்பெண் 36. வழக்கமான 80 விழுக்காடு இலக்கின்படி 29 எடுக்க வேண்டும். திட்டத்தைச் செயல்படுத்துவதே தரவையும் தந்துவிடுகிறது என்பது இதன் சிறப்பு. பெரியவர்களை விட்டு விலகி நிற்க விரும்பும் மாணவனுக்கு இதே அட்டை தண்டனையாகத் தோன்றலாம். அவனுக்கு வேறு வழி தேட வேண்டும்.

ஒன்பதாம் படி: பலனைப் பார்த்தலும் மாற்றுதலும்

திட்டம் தொடங்கிய நாளில் வரைபடத்தில் ஒரு செங்குத்துக் கோடு இடுங்கள். இடப்பக்கமும் வலப்பக்கமும் ஒரே பார்வையில் தெரியும். தொடர்ந்து நான்கு அளவீடுகள் இலக்குக் கோட்டை எட்டாமல் போனால் திட்டத்தை மீண்டும் பரிசீலிக்கலாம் என்பது ஒரு வசதியான விதி.

அப்போதும் முதலில் கேட்க வேண்டியது, திட்டம் எழுதப்பட்டபடி நடந்ததா என்பதே. ஐந்து கூறுகள் கொண்ட சரிபார்ப்புச் சீட்டை வைத்துப் பார்த்தால், ஓய்வு அட்டை இருப்பதே மூன்று பாடங்களின் ஆசிரியர்களுக்குத் தெரியவில்லை என்பது போன்ற உண்மைகள் வெளிவரும். நடக்காத திட்டத்தைத் தோற்ற திட்டம் என்று சொல்லி மாற்றினால் அடுத்ததும் அப்படியே போகும். இன்னொன்று: இதுவரை ஒரு நடத்தைக்குக் கிடைத்து வந்த கவனத்தையோ விடுதலையையோ நிறுத்தும்போது, அந்த நடத்தை குறைவதற்கு முன் சில நாட்கள் கூடுவது அறியப்பட்ட ஒன்று. அந்த உயர்வைக் கண்டு அஞ்சி பாதியில் கைவிட்டால், இன்னும் உரக்கச் செய்தால் கிடைக்கும் என்ற பாடத்தையே மாணவன் கற்றுக்கொள்வான். பிறருக்குக் காயம் நேரக்கூடிய நடத்தை என்றால் இத்தகைய நிறுத்தத்தை அனுபவமுள்ள ஒருவரின் துணையின்றித் தொடங்கக் கூடாது.

இரண்டு வாரத்துக்கு ஒருமுறை அரை மணி நேரம் கூடினால் போதும். வரைபடம் கூட்டத்துக்கு முன்பே தயாராக இருக்க வேண்டும். கூட்டம் முடியும்போது யார், எதை, எந்த நாளுக்குள் செய்வார் என்பது எழுதப்பட்டிருக்க வேண்டும்.

பத்தாம் படி: பதிவைக் காத்தலும் முடித்தலும்

பெற்றோர் என்றாவது படிப்பார்கள் என்ற நினைவுடனேயே ஒவ்வொரு வரியையும் எழுதுங்கள். அவர்களிடம் பேசும்போது சீட்டுக் கட்டை மேசையில் வைத்துத் தொடங்காமல், வரைபடத்தைக் காட்டி, வீட்டில் எந்த நேரங்களில் இது நேர்வதில்லை என்று கேளுங்கள். பள்ளியில் நமக்குத் தெரியாத ‘முன்’ பத்தி பல நேரம் அவர்களிடம் இருக்கும். வயதுக்கு ஏற்ப மாணவனுக்கும் வரைபடத்தைக் காட்டலாம். தன் நடத்தையைத் தானே எண்ணிக் குறிக்கப் பழகும் மாணவர்களிடம், அந்தப் பழக்கமே மாற்றத்தைக் கொண்டுவருவதும் உண்டு.

வகுப்புச் சுவரில் பெயர்களுக்கு எதிரே பச்சை, மஞ்சள், சிவப்பு என்று மாட்டப்படும் பட்டியல்களைத் தரவு என்று சொல்வதற்கில்லை. முன்பின் நிகழ்வு எதுவும் அவற்றில் இல்லை, அவமானம் மட்டுமே உண்டு. சீட்டின் படத்தை ஆசிரியர் வாட்ஸ்அப் குழுவில் பகிர்வதும் அத்தகையதே. யார் பார்க்கலாம், எங்கே பூட்டி வைப்பது, எத்தனை காலத்துக்குப் பிறகு அழிப்பது என்பதை உங்கள் நாட்டின் தனியுரிமைச் சட்டத்துக்கு ஏற்பத் தொடக்கத்திலேயே எழுதி வைக்க வேண்டும். பள்ளி அளவிலான கூட்டங்களுக்குப் பெயரில்லாத தொகுப்பு எண்களே போதும்.

இலக்கு சில வாரங்கள் நிலைத்தபின் அன்றாடப் பதிவை வாரம் இருமுறையாகவும், பிறகு மாதம் ஒருமுறையாகவும் குறைத்து நிறுத்திவிடுங்கள். கல்வியாண்டு முடிந்து மாணவன் அடுத்த வகுப்புக்குப் போகும்போது, புதிய ஆசிரியரிடம் நிகழ்வுச் சீட்டுகளின் கட்டை ஒப்படைக்க வேண்டாம். எந்தச் சூழலில் அவனுக்குச் சிரமம் வரும், எந்த ஏற்பாடு உதவியது, எது உதவவில்லை, அவன் எதில் நன்றாகச் செய்கிறான் என்ற நான்கு செய்திகளை அரைப்பக்கத்தில் எழுதிக் கொடுத்து, முதல் வாரத்துக்குள் பத்து நிமிடம் நேரில் பேசிவிடுங்கள்.